கேமராவுக்குப் பின்னாலிருந்து வந்த கேள்விகள்

ஜனவரி 11

தம்பிக்கு,

இந்தப் பார்சலில் ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. வெப்ப இயக்கவியல் வரிசையில் 31 முதல் 34 வரை நான்கு வீடியோக்கள். 32-இல் இரண்டு முறை இருமியிருக்கிறேன், வெட்டிவிடு. 33-இல் போர்டில் மூன்றாவது வரியில் ஒரு கழித்தல் குறியை விட்டுவிட்டு, ஒரு நிமிடம் கழித்து நானே பார்த்துத் திருத்தியிருக்கிறேன். அதை வெட்டாதே. கணக்குப் போடுகிறவர்களுக்குத் தப்பு வரும், தேடினால் அகப்படும் என்று மாணவர்கள் கண்ணால் பார்க்கட்டும்.

வெட்டுவது பற்றி இன்னொன்று. 29-இல், "ஒரு இயந்திரத்தோட பயனுறுதிறன் நூறு சதவீதம் ஆக முடியுமா?" என்று கேட்டுவிட்டுப் பதினோரு நொடி சும்மா நின்றேன். மறந்துபோய் நிற்கவில்லை, வேண்டுமென்றேதான் நின்றேன். நீ அதை இரண்டு நொடி ஆக்கிவிட்டாய். இதைப் பார்க்கிறவர்கள் பட்டப்படிப்பின் கடைசி வருடத்தில் இருப்பவர்கள். அவர்களுக்கு யோசிக்க நேரம் வேண்டாமா? என் வாயை நீ என்ன வேண்டுமானாலும் வெட்டிக்கொள். அவர்களுடைய யோசனையை வெட்டாதே.

போன் ஏன் எடுப்பதில்லை என்று நீ கேட்பாய். தொண்டை சரியில்லை. பேசினால் வலிக்கிறது, எழுதினால் வலிக்கவில்லை. இனிமேல் எதுவாக இருந்தாலும் டிஸ்க்கோடு ஒரு தாளில் எழுதி வை.

நம் வீடியோ நிறுவனத்தின் ஆண்டு விழாவில் நீ போட்டுக்காட்டிய படத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. எல்லோரும் ரசித்தார்கள்.

ஏப்ரலிலிருந்து மாணவர்களோடு நேரலையில் உட்கார்ந்து சந்தேகம் தீர்க்க வேண்டும் என்று மேலாளர் அம்மா சொன்னார். முடியாது என்று சொல்லிவிட்டேன். உன்னைப் பிடித்து என்னிடம் தூது விடப் பார்ப்பார். நீ இதில் தலையிடாதே.

அக்கா


ஜனவரி 19

அன்புள்ள அக்கா,

"தம்பிக்கு" என்று தொடங்கியிருக்கிறாய். நான் பள்ளிக்கூடப் புத்தகத்தில் படம் வெட்டி உன்னிடம் அடி வாங்கிய நாளிலிருந்து உனக்கு நான் "கத்தரி". அந்தப் பெயரைக் காணோம் என்றதுமே ஏதோ ஆகிவிட்டது என்று தெரிந்துவிட்டது. மூன்று வாரத்தில் பதினான்கு முறை போன் அடித்தேன். பதினான்கு முறையும் உனக்குத் தொண்டை வலியா?

முதலில் வேலை. பதினோரு நொடியைத் திரும்ப வைத்துவிட்டேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபிக்காதே. நாலு நொடி சத்தம் இல்லாமல் போனால் பாதிப் பேர் வேறு வீடியோவுக்கு ஓடிவிடுகிறார்கள். எனக்கு அது கணினியில் கோடாகத் தெரிகிறது. நீ வகுப்பறையில் கதவைச் சாத்தி வைத்துப் பழகியவள். இங்கே கதவே கிடையாது.

அடுத்து அந்தப் படம். அக்கா, ஒன்றரை வருடமாக உன் முகத்தையும் குரலையும் என் மாடியறையில் உட்கார்ந்து வெட்டி ஒட்டுகிறேன். கீழே தையல் கடை, மேலே நீ. அந்தக் கடைக்காரர் என்னைப் பார்த்தாலே, "என்ன, அக்கா இன்னைக்கு என்ன பாடம்?" என்கிறார். நீ போர்டில் எழுதும்போது உனக்கு உலகமே மறந்துபோகிறது. எனக்கு அதுதான் அழகு. அதைத்தான் நாலு நிமிடப் படமாக்கினேன். கேமராக்காரர் "டீ வேணுமா மேடம்?" என்கிறார். நீ, "டி இல்ல, டெல்டா டி" என்கிறாய். "பேட்டரி மாத்தணுமா?" என்கிறார். "இது மாறவே மாறாது, மாறிலி" என்கிறாய். "லைட்டை அணைச்சிடட்டுமா?" என்று கேட்டால், "அழிக்காதீங்க, இன்னும் எழுதிக்கிட்டு இருப்பாங்க." மண்டபமே குலுங்கியது. நீயும்தான் சிரித்தாய், முதல் வரிசையில் உட்கார்ந்து. நான் பார்த்தேன். இப்போது என்ன புதிதாக?

நேரலை விஷயத்தில் தலையிட மாட்டேன். ஆனால் ஏன் முடியாது? சந்தேகம் கேட்க ஆள் கிடைத்தால் மூன்று நாள் சாப்பாடு இல்லாமல் பேசுகிறவள் நீ.

தொண்டைக்கு வெந்நீர் குடி. மாமாவைக் கேட்டதாகச் சொல்.

உன் கத்தரி


ஜனவரி 30

தம்பிக்கு,

முந்நூறு பேர் சிரிக்கும்போது ஒருத்தி மட்டும் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தால் அது அசிங்கமாக இருக்கும். அதனால் சிரித்தேன்.

மேலாளர் அம்மாவுக்குக் கடிதம் கொடுத்துவிட்டேன். நாற்பதாவது வீடியோவோடு முதல் பாகம் முடிகிறது. அதோடு நானும் முடித்துக்கொள்கிறேன். இரண்டாம் பாகத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டும். பாடக்குறிப்புகளை எழுதிக் கொடுத்துவிடுவேன்.

காரணம் கேட்காதே.

அக்கா


பிப்ரவரி 8

அக்கா,

கேட்கத்தான் போகிறேன்.

கல்யாண வீடியோ எடுத்து நிம்மதியாக இருந்தவனை, "பன்னிரண்டாவதோட இயற்பியலை விட்டு ஓடினவன்தானே நீ, உனக்குப் புரியற மாதிரி வெட்டினா எல்லாருக்கும் புரியும்" என்று சொல்லி இழுத்து வந்தவள் நீ. வந்தேன். என்ட்ரோபி என்றால் என்ன என்று இன்றைக்கும் முழுசாகத் தெரியாது. ஆனால் நீ எந்த வார்த்தைக்கு முன்னால் மூச்சு இழுப்பாய் என்று தெரியும். வீடியோவுக்குக் கீழே மாணவர்கள் எழுதுவதை நீ படிப்பதில்லை, நான் படிக்கிறேன். ஒருவன் எழுதியிருக்கிறான்: "எங்க காலேஜ்ல இந்தப் பாடத்துக்கு ஆளே இல்ல. இந்த மேடத்தை நம்பித்தான் பரீட்சைக்குப் போறேன். ரெண்டாம் பாகம் எப்ப?" அவனுக்கு நான் என்ன பதில் போடுவது? மேடத்துக்கு அவங்க தம்பி மேல கோபம் என்றா?

நீ எப்போதும் இப்படித்தான். ஏதாவது மனசில் பட்டால் வாயைத் திறக்க மாட்டாய், கதவைச் சாத்திக்கொள்வாய். வெளியே நிற்கிறவன் தான் என்ன தப்புச் செய்தோம் என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். பாராட்டு மட்டும் வேண்டும், நாலு பேர் அன்பாகக் கிண்டல் செய்தால் ஆகாது. இதற்குப் பெயர் கர்வம் அக்கா. வேறு நல்ல வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

31 முதல் 34 வரை முடித்து அனுப்பியிருக்கிறேன். ஒரு நொடிகூட வெட்டவில்லை. உன் இருமலும் அப்படியே இருக்கிறது.

தம்பி


பிப்ரவரி 20

அன்புள்ள அக்கா,

35 முதல் 38 வரை இருந்த டிஸ்க் வந்தது. உள்ளே ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. எனக்கு அது தேவைதான். போன கடிதத்தைக் கூரியரில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருவதற்குள்ளேயே திரும்ப வாங்கிவிடலாமா என்று இருந்தது. அந்த இருமலை நேற்றே வெட்டிவிட்டேன்.

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். ஐந்தாவது இது.

முதல் பாகம் முடிவதால் எல்லா வீடியோவிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து ஒரு முன்னோட்டம் செய்து தரச் சொன்னார் மேலாளர் அம்மா. அதற்காக ஒன்றிலிருந்து முப்பத்தெட்டு வரை எல்லாவற்றையும் வரிசையாகத் திறந்து வைத்தேன். இதற்குமுன் அப்படி மொத்தமாகத் திறந்ததே இல்லை. பேசுகிறவரின் குரல் எங்கள் கணினியில் மலை மலையாகத் தெரியும். சத்தம் கூடினால் மலை உயரும். உன் முதல் வீடியோவில் சின்னச் சின்னக் குன்று. முப்பத்தெட்டில் திரையின் உச்சியை முட்டிக்கொண்டு நிற்கிறது.

நானேதான் ஒவ்வொரு தடவையும் அதைக் குறைத்து அனுப்பியிருக்கிறேன். பத்தாவதில் இரண்டு படி, இருபதாவதில் நாலு, முப்பத்தெட்டில் ஒன்பது. எல்லாம் என் கையால் செய்தது, எல்லாம் பதிவாகியிருக்கிறது. ஒரு நாளும் ஏன் என்று யோசிக்கவில்லை. மைக்கை மாற்றியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கேமராக்காரரிடம் கேட்டேன். அதே மைக்தானாம்.

பிறகு அந்தப் பாழாய்ப்போன நாலு நிமிடப் படத்தைப் போட்டுப் பார்த்தேன். எல்லாக் கேள்வியும் கேமராவுக்குப் பின்னாலிருந்து வருகிறது. விளக்கெல்லாம் உன் முகத்தில். அவர் நிற்கும் இடம் இருட்டு. அவர் வாய் உனக்குத் தெரிந்திருக்காது. விளக்கை அணைத்த பிறகு அவர் எதிரில் வந்து பேசும் துண்டுகளும் டிஸ்க்கில் கிடக்கின்றன. அதையும் தேடிப் பார்த்தேன். அங்கே நீ ஒரு பதில்கூடத் தப்பாகச் சொல்லவில்லை.

அக்கா, உனக்குக் காது சரியாகக் கேட்கிறதா?

இல்லை என்றால், முந்நூறு பேர் முன்னால் நான் செய்தது என்ன என்று நினைக்கும்போது உட்கார முடியவில்லை. அந்தப் படத்தை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிட்டேன். எடுத்ததால் என்ன ஆகிவிடப்போகிறது? பார்த்தவர்கள் பார்த்தாயிற்று. கர்வம் என்று வேறு எழுதினேன். என் வாயில் நானே போட்டுக்கொள்கிறேன்.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

கத்தரி


மார்ச் 1

அன்புள்ள கத்தரிக்கு,

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றுகொண்டே படித்தேன். படித்து முடித்ததும் உன்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. யாருக்கும் தெரியாமல் இருக்க இரண்டு வருடமாக நான் என்னவெல்லாம் செய்தேன்! நீ பன்னிரண்டு மணி நேர ரயில் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு கோட்டைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாய். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அப்பாடா என்று இருந்தது. இரண்டும் உண்மை.

ஆமாம். கேட்கவில்லை. இடது காது பெரும்பாலும் இல்லை. வலதில் பாதி.

எப்போது தொடங்கியது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. முதலில் மற்றவர்கள் எல்லாம் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். உலகத்தில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தொண்டை கட்டிவிட்டதுபோல. பேருந்தில் நடத்துனர் எதைக் கேட்டாலும் இறங்கும் இடத்தைச் சொல்லிவிடுவேன். கடையில் தலையாட்டிவிட்டு, வேண்டாத சாமானை வீட்டுக்குக் கொண்டுவருவேன். வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வதில் தேறிவிட்டேன். தாடி மீசைக்காரர்கள்தான் கஷ்டம்.

கல்லூரியை ஏன் விட்டேன் தெரியுமா? பெரிய வாய்ப்பு வந்தது, அதனால் விட்டேன் என்றுதானே எல்லோரும் நினைக்கிறீர்கள். ஒரு நாள் வகுப்பில் கடைசி வரிசையில் ஒருவன் எழுந்து ஏதோ கேட்டான். நான் ஒரு பதில் சொன்னேன். அவன் திரும்பக் கேட்டான். இன்னொரு பதில் சொன்னேன். மூன்றாவது தடவை அவன் வாயைத் திறப்பதற்குள் வகுப்பு முழுக்கக் களுக்கென்று சிரித்தது. அந்தச் சத்தம் மட்டும் எப்படியோ கேட்டது. "அடுத்த வகுப்பில பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அவன் கேட்டது என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நல்ல பையன். நல்ல கேள்வியாகத்தான் இருந்திருக்கும்.

அடுத்த மாதம் இந்த வீடியோ வேலை வந்தது. கேமரா கேள்வி கேட்காது. அது ஒன்றே எனக்குப் போதும் என்று இருந்தது.

விழாவில் நீ அந்தப் படத்தைப் போட்டாய். அதிலும் கேமராக்காரர் என்ன சொல்கிறார் என்று எனக்குக் கேட்கவில்லை. நீதான் கீழே பெரிய எழுத்தில் போட்டிருந்தாயே, அதைப் படித்தேன். அவர் என்னிடம் டீ வேண்டுமா என்று கேட்டிருக்கிறார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஒன்றரை வருடமாகச் சமாளித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சமாளிக்கவே இல்லை என்று திரையில் பத்தடி உயரத்தில் எழுதிக் காட்டிவிட்டாய். பின்னால் முந்நூறு பேர் சிரிக்கிறார்கள். திரும்பவும் அதே வகுப்பறை.

உனக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும். தெரிந்திருந்தால் கையை வெட்டிக்கொண்டிருப்பாய். அதனால்தான் உன்னிடம் சொல்லவும் முடியவில்லை. உன்னோடு போனில் பேசவும் முடியவில்லை, ஏனென்றால் போனில் உனக்கு வாயே கிடையாது; இதுவரை பாதியை ஊகித்துத்தான் சமாளித்தேன்.

நேரலை ஏன் முடியாது என்று இப்போது புரிந்ததா?

யாரிடமும் சொல்லாதே. உன் மாமாவுக்குக்கூடத் தெரியாது. அவர் மின்தூக்கி பழுதுபார்க்கிற வேலையில் நாள் முழுக்க இரைச்சலைக் கேட்டுவிட்டு வருகிறார். வீட்டில் நான் குறைவாகப் பேசுவது அவருக்கு நிம்மதி என்று விட்டுவிட்டேன்.

அழாதே. நீ அழுதால் முகம் சகிக்காது.

அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்கா,

அழவில்லை. கண்ணில் தூசி. தையல் கடைக்காரரும் அதையேதான் கேட்டார். அவருக்கும் தூசி என்றே சொன்னேன்.

இப்போது நான் ஒரு குற்றத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். யாரிடமும் சொல்லாதே என்றாய். சொல்லிவிட்டேன். மாமாவுக்குப் போன் செய்தேன். நீ என்னைக் கொல்வாய் என்று தெரிந்தேதான் செய்தேன். காது டாக்டரிடம் நீ தனியாகப் போக மாட்டாய். கூட வர நான் பக்கத்தில் இல்லை. வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

சுற்றி வளைத்துத்தான் ஆரம்பித்தேன். "மாமா, அக்காவுக்கு உடம்பு எப்படி இருக்கு? காது, மூக்கு, தொண்டை இப்படி ஏதாவது..." என்று இழுத்தேன்.

அவர், "காதுதானே மாப்ளே? தெரியும்" என்றார்.

"எப்பலேருந்து மாமா?"

"ரெண்டு வருஷம் இருக்கும். ஒரு நாள் பின்னாடி நின்னு கூப்பிட்டேன், திரும்பலை. பாத்திரம் கீழ விழுந்தது, அதுக்கும் திரும்பலை."

"ஏன் மாமா கேக்கலை?"

"அவ மறைக்கிறான்னா அவளுக்கு ஏதோ கஷ்டம் இருக்கு. நான் போய் தோண்டினா இன்னும் கஷ்டம். அவளா சொல்லட்டும்னு இருந்தேன். இருந்தது தப்போன்னு இப்ப தோணுது."

அக்கா, அவர் என்னவெல்லாம் செய்திருக்கிறார் என்று கேள். சாப்பிடும்போது உன் வலது பக்கம் உட்காருகிறாரே, முதலில் இடது பக்கம்தானே உட்காருவார்? மீசையை எடுத்தாரே, வேலை செய்யும் இடத்தில் தூசி ஒட்டுகிறது என்று சொல்லி? வாசல் மணி அடித்தால் கூடத்தில் ஒரு சிவப்பு விளக்கு எரிகிறதே, "வேலையில மிச்சம் கிடந்தது, வீணாப் போகுதேன்னு மாட்டினேன்" என்றாராமே? மிச்சமும் இல்லை, ஒன்றும் இல்லை. கடையில் தேடி வாங்கி வந்து மாட்டியிருக்கிறார்.

நீ அவரிடம் மறைக்க, அவர் உன்னிடம் மறைக்க, ஒரே வீட்டில் இரண்டு பேரும் நன்றாகத்தான் நடித்திருக்கிறீர்கள்.

டாக்டரிடம் போ. மாமா கூட வருவார். நீ கேட்டால்தான் வருவாராம். கேள்.

திட்டு வாங்கத் தயாராக,
கத்தரி


மார்ச் 24

கத்தரிக்கு,

ஒரு ரகசியத்தை எட்டு நாள் வைத்திருக்கத் தெரியாத உன்னை என்ன செய்வது? நேரில் பார்க்கும்போது இரண்டு அறை பாக்கி இருக்கிறது. நல்லதுதான் செய்தாய், ஆனாலும் அறை உண்டு.

உன் கடிதத்தை அவர் கையில் கொடுத்தேன். படித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு, "உன் தம்பிக்கு வாயில ஓட்டை" என்றார். "மீசையை வளர்த்துக்கோங்க, அது இல்லாம பார்க்க நல்லாயில்லை" என்றேன். "வளர்த்தா நான் பேசறது புரியுமா?" என்று கேட்டார். அடுத்த நாள் காலை டாக்டரிடம் போனோம்.

சத்தமே நுழையாத ஒரு சின்னக் கண்ணாடி அறை. தலையில் ஒன்றை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். ஒலி கேட்டால் அழுத்த வேண்டும். நான் ஆர்வக்கோளாறில் கேட்காதபோதும் நாலு தடவை அழுத்திவிட்டேன். சோதிக்கிற பெண் கண்ணாடிக்கு அப்பால் நின்று விரலை ஆட்டினாள். வாழ்நாளில் முதல் தடவையாகப் பரீட்சையில் மாட்டிக்கொண்டேன். கடைசியில் ஒரு வரைபடம் தந்தார்கள். எத்தனையோ வரைபடம் போர்டில் போட்டிருக்கிறேன். என்னைப் பற்றியே ஒன்றை இப்போதுதான் பார்க்கிறேன். வலது கோடு சரிகிறது, இடது கோடு விழுகிறது. இது திரும்பி வராது, ஆனால் கருவி வைத்தால் நிறைய உதவும் என்றார் டாக்டர். முன்பே வந்திருக்கலாம் என்றும் சொன்னார். எல்லா டாக்டரும் சொல்வதுதான், ஆனால் இவர் சொன்னது உண்மை.

கருவி வைத்துக்கொண்டு பத்து நாள் ஆகிறது. உலகம் இவ்வளவு சத்தமானது என்று எனக்கு மறந்தே போயிருந்தது. குளிர்சாதனப் பெட்டி உறுமுகிறது. என் செருப்பு சரக் சரக்கென்கிறது. உன் மாமா கரண்டியைத் தட்டில் வைக்கும்போது எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. பாவம், அவர் இப்போது கரண்டியைத் தூங்கும் குழந்தைபோலக் கீழே வைக்கிறார். பேச்சு முன்னைவிடப் புரிகிறது. முழுக்க இல்லை. நாலு பேர் சேர்ந்து பேசினால் ஒரே கூழ்.

கேமராக்காரரிடம் நானே சொன்னேன். மனிதர் முகம் சுருங்கிப்போய்விட்டது. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முன்னாடி வந்து நின்னிருப்பேனே மேடம். நான் பாட்டுக்கு இருட்டுல நின்னு டீ டீன்னு கத்திக்கிட்டு இருந்திருக்கேன்" என்றார். இப்போது எதைக் கேட்பதென்றாலும் முதலில் ஒரு விளக்கைத் தன் முகத்தில் திருப்பிக்கொள்கிறார். திருடனைப் பிடித்ததுபோல் இருக்கிறது.

மேலாளர் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். ராஜினாமாவை எடுத்து நீட்டினார். வாங்கிக்கொண்டேன். இரண்டாம் பாகம் செய்வேன். நேரலையும் ஒரு முறை செய்து பார்ப்பேன். முடியாவிட்டால் முடியாது என்று சொல்லிவிட்டுப் போகிறேன்.

அந்தப் படத்தைப் பற்றி நீ இனி மன்னிப்புக் கேட்காதே. நான் மன்னித்து ரொம்ப நாள் ஆகிறது. ஆனால் நினைத்தால் இன்னும் வலிக்கிறது. வலிக்கவில்லை என்று உன்னிடம் பொய் சொல்ல விருப்பமில்லை. அது தானாகத் தேயட்டும்.

அக்கா


ஏப்ரல் 4

அன்புள்ள அக்கா,

சரி, கேட்கவில்லை. தேயட்டும்.

நேரலைக்கு ஏற்பாடு செய்துவிட்டேன். மாணவர்கள் ஒரே நேரத்தில் பேச முடியாது. கை தூக்கினால், ஒருவர் பின் ஒருவராக நான் இங்கிருந்து திறந்துவிடுவேன். பேசுகிறவர் முகம் உன் எதிரே பெரிய திரையில் முழுசாகத் தெரியும். எழுதிக் கேட்கிறவர்களின் கேள்வி பக்கத்தில் ஓடும். புரியாத இடத்தில் நான் தட்டச்சு செய்து அனுப்பட்டுமா என்று கேட்கலாமென்றிருந்தேன். யோசித்தால், என்ட்ரோபி பற்றி ஒருவன் கேட்பதை நான் தட்டச்சு செய்து, அதைப் படித்து நீ பதில் சொன்னால், நாட்டில் இயற்பியலே இருக்காது.

நூற்று எண்பது பேர் பதிவு செய்திருக்கிறார்கள். மாமா அன்றைக்கு விடுப்பு எடுக்கிறாராம், உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றார். சொல்லிவிட்டேன்.

கத்தரி


ஏப்ரல் 20

அன்புள்ள கத்தரிக்கு,

நீ அன்றைக்கு எல்லாவற்றையும் உன் திரையில் பார்த்துக்கொண்டுதான் இருந்தாய். ஆனாலும் என் பக்கத்திலிருந்து எப்படி இருந்தது என்று உனக்கு எழுதியாக வேண்டும்.

என்ன சொல்லித் தொடங்குவது என்று முந்தின நாள் எழுதி வைத்திருந்தேன். அந்தத் தாளைத் திறக்கவே இல்லை. "எனக்குக் காது குறைவு. கருவி வச்சிருக்கேன், ஆனாலும் முழுசாக் கேட்காது. கேள்வியை எழுதலாம், பேசலாம். பேசறவங்க முகத்தைக் காட்டிப் பேசுங்க. புரியலைன்னா மறுபடி கேட்பேன், சலிச்சுக்காதீங்க" என்று மட்டும் சொன்னேன். சொல்லி முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. இதற்கா இரண்டு வருடம்!

முதல் அரை மணி நேரம் எல்லோரும் எழுதித்தான் கேட்டார்கள். என்மேல் இரக்கப்பட்டு எழுதுகிறார்களோ என்று கொஞ்சம் உறுத்தியது. அப்போதுதான் நீ அந்தப் பெண்ணைத் திறந்துவிட்டாய். ஜன்னலோரம் உட்கார்ந்து, தலையைக் குனிந்தபடி பேசினாளே, அவள். குரல் இருந்ததா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை. "மறுபடி சொல்லும்மா" என்றேன். சொன்னாள். "முகத்தை நிமிர்த்திக்கிட்டு ஒரு தடவை" என்றேன். அந்த இடத்தில் என் நெஞ்சு அடித்துக்கொண்டது உனக்குக் கேட்டிருக்கும், உன் மலை அங்கே உயர்ந்திருந்தால் பார். மூன்றாவது தடவை அவள் நிமிர்ந்து, என்னை நேராகப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். முழுசாகப் புரிந்தது.

கேள்வி உனக்கும் புரியும், சொல்கிறேன் கேள். ஒரு பெட்டி, நடுவில் தடுப்பு. இரண்டு பக்கமும் வேறு வேறு வாயு. தடுப்பை எடுத்தால் இரண்டும் கலந்துவிடும், ஒழுங்கின்மையின் அளவான என்ட்ரோபி கூடும். இரண்டு பக்கமும் ஒரே வாயு என்றால் தடுப்பை எடுத்தாலும் எதுவும் மாறாது, என்ட்ரோபி கூடாது. இது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அவள் கேட்டாள்: "ரெண்டும் வேற வேறன்னு யார் மேடம் முடிவு பண்றது? என் கருவிக்கு வித்தியாசம் தெரியலைன்னா?"

புத்தகத்தில் உள்ள பதிலைச் சொன்னேன். பத்தொன்பது வருடமாகச் சொல்லும் பதில். அவள் விடவில்லை. "அப்ப நாளைக்கு இன்னும் நல்ல கருவி வந்து, ரெண்டும் வேறன்னு காட்டிட்டா, இன்னைக்கு நான் போட்ட கணக்கு தப்பாயிடுமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை கத்தரி. ஏதோ கொஞ்சம் தெரியும், ஆனால் அவள் கேட்ட அளவுக்குத் தெரியவில்லை. "தெரியலைம்மா. வா, சேர்ந்து போட்டுப் பார்ப்போம்" என்று போர்டுக்குப் போனேன். நாற்பது நிமிடம். எத்தனை பேர் எழுந்து போனார்கள் என்று பிறகு உன்னிடம் கேட்டேனே, பதினொன்று என்றாய். மீதி நூற்று அறுபத்தொன்பது பேரும், விடை தெரியாத ஒரு வாத்தியாரம்மா யோசிப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதில் இரண்டு பேர் நடுவில் புகுந்து என் இரண்டாவது படி செல்லாது என்று காட்டினார்கள். செல்லாதுதான்.

வெளியே வந்தபோது உன் மாமா கதவோரம் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்தார், சாவியை எடுத்தார், வண்டியைக் கொண்டுவரப் போய்விட்டார்.

இரண்டாம் பாகத்தின் முதல் வீடியோவுக்கு நான் எழுதி வைத்திருந்த குறிப்பைத் தள்ளி வைத்துவிட்டேன். இந்தக் கேள்வியோடுதான் ஆரம்பிக்கப்போகிறேன். எனக்கே முடிவு தெரியாத பாடத்தை எப்படி வெட்டுவாய் என்று இப்போதே யோசித்து வை. வரும் மாதம் ஒரு வாரம் இங்கே வந்து இரு. எனக்கு வேண்டியது தம்பி, டிஸ்க் இல்லை.

இன்று காலை அந்தப் பெண்ணிடமிருந்து இரண்டு பக்கம் வந்திருக்கிறது. முதல் பக்கம் அருமை. இரண்டாம் பக்கத்தில் நான்காவது வரியில் பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்துவிட்டாள். ஆனால் அவள் போகிற வழி சரியானது என்றே நினைக்கிறேன். என் வழியைவிடச் சரி. உனக்கு இன்றைக்கு இவ்வளவுதான். அவளுக்குப் பதில் எழுத வேண்டும்.

அக்கா